துண்டுப் பாதை போதாது

சென்னையில் இப்போதெல்லாம் சைக்கிளை யார் தொடுகிறார்கள் என்று கேட்பவர்கள், ஒருநாள் காலை ஐந்தரை மணிக்குப் பாடி மேம்பாலத்துக்கு அடியிலோ கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கமோ கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் செக்யூரிட்டிகள், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை ஆட முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், பேப்பர் போடும் பையன்கள், கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களைத் தேடிப் போகும் வியாபாரிகள், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் பிழைக்க வந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டும் தொழிலாளர்கள் என்று வரிசையாகப் போவார்கள். எட்டு மணிக்கு மேல் காரும் பைக்கும் சாலையை நிறைத்துவிடும். அதற்குப் பிறகு இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. நகரத்தின் போக்குவரத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் சாலைக்கு வருவதோ அந்த நேரத்துக்குப் பிறகுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று நாடு முழுவதும் கேட்டார்கள். சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போவதாகச் சொன்னார்கள். கார், ஜீப், வேனில் போகிறவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. பிறகு வந்த ஆண்டுகளில் பைக் பெருகியிருக்கிறது, கடனில் கார் வாங்குவது எளிதாகியிருக்கிறது. ஆனாலும் அன்றைய நிலவரப்படி காரைவிட நாலு மடங்குக்கு மேல் ஆட்களை வேலைக்குக் கொண்டு சேர்த்த வாகனத்துக்கு இந்திய நகரங்களின் சாலைச் செலவில் என்ன பங்கு கிடைத்தது என்று பார்த்தால், நிலைமை விளங்கிவிடும். மேம்பாலம் காருக்கு, சுரங்கப் பாதை காருக்கு, அகலப்படுத்திய சாலையும் காருக்கு. சைக்கிளுக்கு மிஞ்சியது சாலையின் ஓரம்.

அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்பதைச் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், சாலைக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம் விழுந்திருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும். இறங்கினால் முன் சக்கரம் மணலில் சறுக்கும். மழைநீர் வடிகாலின் மூடியில் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே பதிந்திருந்தால், சைக்கிள் டயர் அந்த இடுக்கில் நேராக இறங்கி நிற்கும், ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவார். கார்க்காரருக்கு அந்த மூடி டயருக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் மட்டும். நிறுத்தியிருக்கும் காரின் கதவு எப்போது திறக்குமோ என்று ஒரு கண், ‘ஃப்ரீ லெஃப்ட்’டில் சிக்னல் பாராமல் திரும்பும் வேன் மேல் இன்னொரு கண். நம் நாட்டில் ஆண்டுதோறும் 4,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாலையில் உயிரை விடுகிறார்கள். பெரும்பாலானவர்களின் சாவு உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு வரிச் செய்தியாகக்கூட வருவதில்லை.

சென்னையில் இதை மாற்றுவதற்கான கொள்கை எழுதப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி, இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை நிறைவேற்றியது. இந்திய நகரங்களில் அப்படிச் செய்த முதல் நகரம் சென்னைதான். மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் போக வேண்டும் என்றது அது. 30 மீட்டருக்கு மேல் அகலமுள்ள சாலைகளில் நூற்றுக்கு எண்பதில், இரண்டு மீட்டர் அகலத்தில், இடையில் அறுபடாத தனி சைக்கிள் பாதை அமையும் என்றது. சாலை விபத்தில் சாகும் பாதசாரி, சைக்கிள்காரர் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவது இலக்கு என்றும் எழுதிவைத்தது. இந்த இலக்குகளுக்கெல்லாம் வைத்த கெடு 2018.

நடந்ததில் நல்லதும் உண்டு. பல தெருக்களில் நடைபாதைகள் அகலமாகின. 2019-ல் பாண்டி பஜாரில் கார் நிறுத்திய இடத்தை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தை மீறி அங்கே கூட்டம் அலைமோதுகிறது. சைக்கிளுக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை. அங்கங்கே தரையில் சைக்கிள் படம் வரைந்த பட்டைகளும், கடற்கரைப் பக்கம் காலை உடற்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான ஏற்பாடுகளும் வந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகக் கியர் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவர், திங்கட்கிழமை மூன்று கிலோமீட்டர் தூரத்திலுள்ள அலுவலகத்துக்குக் காரில்தான் போகிறார். அவருக்குக் காலில் தெம்பும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. திங்கட்கிழமைக்குத்தான் பாதை இல்லை.

பாதை என்று இங்கே சொல்வது ஒரு பட்டையை அல்ல. வீட்டு வாசலில் ஏறினால் வேலை செய்யும் இடத்து வாசலில் இறங்கும் வரை அறுபடாமல் போகிற வழி. பத்து நிமிடப் பயணத்தில் எட்டு நிமிடம் அருமையான தனிப்பாதை, இரண்டு நிமிடம் கத்திப்பாரா மாதிரி ஒரு சந்திப்பு என்றால், அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்தே அம்மா பிள்ளையிடம் சைக்கிளைக் கொடுக்க மாட்டாள். மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயில் நடுவே பத்தடி இல்லாவிட்டால், மீதிக் குழாய் எவ்வளவு உசத்தியாக இருந்தும் வீட்டுக்குத் தண்ணீர் வராது. சைக்கிள் பாதையும் அப்படித்தான்.

நெதர்லாந்துக்காரர்கள் இதைப் பணம் செலவழித்துக் கற்றார்கள். பிறந்ததிலிருந்தே சைக்கிளில் உட்கார்ந்தவர்கள் போலத் தெரியும் அந்த நாட்டில், 1960-களில் காரின் வரவால் சைக்கிள் வேகமாகத் தேய்ந்தது. 1971-ல் மட்டும் சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்து பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1970-களின் நடுவில் மத்திய அரசு தி ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களில், ஊருக்கொன்றாக, நகரத்தை ஊடுருவிப் போகும் மாதிரி சைக்கிள் பாதை போடப் பணம் கொடுத்தது. பாதைகள் அழகாக அமைந்தன. ஏற்கெனவே ஓட்டியவர்கள் வேறு தெருக்களை விட்டு இந்தப் பாதைக்கு மாறினார்கள். நகரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களின் மொத்த எண்ணிக்கையோ பெரிதாகக் கூடவில்லை. அதன்பின் 1980-களில் டெல்ஃப்ட் என்ற சிறு நகரத்தில் வேறு வழியை முயன்றார்கள். பகட்டான ஒற்றைப் பாதை வேண்டாம், நகரம் முழுக்க இருக்கும் தெருக்களை ஒரே வலையாகக் கோத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். இங்கே ஒரு சின்னப் பாலம், அங்கே ஒரு சுரங்க வழி, எங்கெங்கே விட்டுப்போயிருந்ததோ அங்கெல்லாம் இணைப்பு. ஏற்கெனவே நூற்றுக்கு 40 பயணங்கள் சைக்கிளில் நடந்த ஊரில் அது 43 ஆனது.

மூன்று சதவீதம்தானே, அதுவும் டச்சுக்காரர்கள்தானே என்று தோன்றலாம். அப்படியென்றால் ஸ்பெயினின் தெற்கே இருக்கும் செவில் நகரத்தைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழும் ஊர். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். காரும் மோட்டார் சைக்கிளும் நிறைந்த இந்த ஊரில் 2006 வரை சைக்கிளுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத 12 கிலோமீட்டர் துண்டுப் பாதைகள் இருந்தன. நூறு பயணங்களில் ஒன்றுகூட சைக்கிளில் நடக்கவில்லை. 2003 தேர்தலுக்குப் பின் சோஷலிஸ்டுகளோடு கூட்டணி சேர்ந்து நகராட்சிக்கு வந்த இடதுசாரிக் கட்சி சைக்கிள் திட்டத்தில் பிடிவாதமாக நின்றது. பொறியாளர் மானுவேல் கால்வோ வரைந்த திட்டத்தின்படி முதல் கட்டமாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பாதை ஒன்றரை ஆண்டுக்குள் போடப்பட்டது. ஒரு சாலையில் போட்டுப் பார்த்து, மக்கள் வருகிறார்களா என்று ஐந்து வருடம் காத்திருந்து, பிறகு அடுத்த சாலை என்ற வழக்கமே அங்கே இல்லை. நகரின் குடியிருப்புகள், பல்கலைக்கழகம், ரயில் நிலையம், கடைவீதி எல்லாம் ஒரே வீச்சில் இணைந்தன. 2010-ல் பாதையின் நீளம் 120 கிலோமீட்டரைத் தொட்டது.

அமைப்பும் எளிமையானது. சாலையின் ஒரு பக்கத்தில் இரு திசைக்கும் சேர்த்து ஒரே பாதை. நகரம் முழுக்க ஒரே பச்சை நிறம். கார் ஏற முடியாதபடி நடுவே கல் விளிம்போ கட்டைகளோ. இடம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கார் நிறுத்தியிருந்த ஓரத்திலிருந்து. சுமார் 5,000 கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். 2007-ல் பொது வாடகை சைக்கிள் திட்டமும் அதோடு சேர்ந்தே வந்தது. நம் ஊரில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்ட சைக்கிள் கடையின் நவீன வடிவம் அது. பாதை இருந்ததால் வாடகை சைக்கிளுக்கு ஆள் வந்தது. 2011 வாக்கில் அந்த நகரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 70,000 சைக்கிள் பயணங்கள் நடந்தன. மொத்தச் செலவு 3 கோடியே 20 லட்சம் யூரோ, அதாவது ஐந்தாறு கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கு ஆகும் காசு. ஓட்டுபவர்கள் பெருகியபோது ஒரு பயணத்துக்கான விபத்து ஆபத்து குறைந்தது. 2011-ல் நகராட்சியில் ஆட்சி மாறி ஆர்வம் குறைந்ததும் வளர்ச்சி நின்று எண்ணிக்கை கொஞ்சம் சரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போட்டதைப் பராமரிக்காவிட்டால், விரிவாக்காவிட்டால், மக்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

இங்கே ஒரு வாதம் உடனே எழும்: இந்த வெயிலில் யார் மிதிப்பார்கள்? செவில் அதற்குப் பாதி பதில். மீதிப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. தினமும் சைக்கிளில் போகும் தொழிலாளி அந்த வெயிலில்தான் போகிறார். மூன்று கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நிழல் இருந்தால் அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஒரு சிரமமே இல்லை. சாலை விரிவாக்கத்தில் வெட்டிய மரங்களுக்குப் பதிலாகப் புது மரங்களை நட்டு வளர்ப்பதும் சைக்கிள் திட்டத்தில் ஒரு பகுதிதான். வேர்த்தால் முகம் கழுவிச் சட்டை மாற்ற அலுவலகத்தில் ஓர் அறை வேண்டும். ஒரு தளம் முழுக்கக் கார் நிறுத்த ஒதுக்கும் நிறுவனங்களுக்கு அது பெரிய செலவல்ல.

இதைவிடக் கனமான சிக்கல் வேறொன்று உண்டு. அது செவிலில் இந்த அளவுக்கு இல்லாதது. சைக்கிள் நுழையும் இடத்தில் பைக்கும் நுழையும். டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008-ல் பஸ் தடத்தோடு சேர்த்து சைக்கிள் பாதையும் போட்டார்கள். நெரிசல் நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் அதற்குள் பாய்ந்தன. கார் உரிமையாளர்களின் எதிர்ப்பில் சிக்கிய அந்தத் தடம் முழுதும் 2016-ல் இடிக்கப்பட்டது. ஆறு கிலோமீட்டருக்குள் தொடங்கி முடிந்துபோகும் பாதை எத்தனை பேரின் வீட்டையும் வேலையையும் இணைத்திருக்க முடியும்? சைக்கிள்கள் அடர்த்தியாக ஓடாத பாதை காலி இடமாகத் தெரியும். காலி இடத்தைப் பைக் நிரப்பும். ஆகவே வலையாகப் போடுவதே பைக்குக்கும் முதல் தடை. அடுத்தது கேமரா. சிக்னலில் கோட்டைத் தாண்டினால் கைபேசிக்கு அபராதச் சலான் வரும் காலத்தில், சைக்கிள் பாதையில் போகும் பைக்கின் நம்பரைப் படம் பிடிப்பது முடியாத காரியமல்ல.

எல்லாத் தெருவிலும் தனிப்பாதை போடத் தேவையும் இல்லை, இடமும் இல்லை. குறுகிய குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைந்தாலே போதும். சென்னையில் குடியிருப்புத் தெருக்களில் எல்லா வாகனங்களுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. பலருக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியாது. அந்த வேகத்தில் மோதினால் பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடலாம். ஐம்பதில் அந்த நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. அறிவிப்புப் பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது. தெருமுனையில் தரையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், திருப்பங்களை இறுக்க வேண்டும். மெயின் ரோடு நெரிசலுக்குப் பயந்து உள்தெருவில் புகுந்து பறக்கும் கார்களுக்கு அந்த வழியையே அடைக்க வேண்டும். நடப்பவரும் சைக்கிள்காரரும் போகலாம், கார் சுற்றிப் போகட்டும்.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு மக்களின் மனம் திரும்ப வேண்டும் என்று பிரச்சாரம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்னாலிருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். கிண்டலையும் ஏச்சையும் தாண்டி அவர்கள் ஓட்டியது பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம், தண்ணீர் எடுக்கப் போகும் நடை மிச்சம், யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதற்காக. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் விரிந்திருக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் புது சைக்கிள்கள் அரசின் கையிலிருந்து பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சைக்கிளைக் கொடுக்கிற அரசு, அதை ஓட்டிப் போக ஒரு பாதையைக் கொடுக்க மறப்பது எப்படிச் சரியாகும்? நகரத்தில் அந்தப் பதினாறு வயதுப் பெண் சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். மெயின் ரோட்டைப் பார்த்துப் பயந்த அப்பா அதைப் பூட்டி வைக்கிறார். இரண்டு வருடத்தில் அது துருப்பிடிக்கிறது, அல்லது பாதி விலைக்குக் கைமாறுகிறது.

எங்கிருந்து தொடங்கலாம்? சென்னை முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது. ஆனால் ஒரு பகுதியை முழுமையாக மாற்ற முடியும். அம்பத்தூர் அதற்குப் பொருத்தமான இடம். 1964-ல் உருவான தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஐடி அலுவலகங்களும் வந்துவிட்டன. பக்கத்திலேயே பட்டரவாக்கம் ரயில் நிலையம், இருபுறமும் அம்பத்தூர், கொரட்டூர் நிலையங்கள். முகப்பேரும் கொரட்டூரும் அம்பத்தூர் ஓ.டி.யும் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கும். தரை மேடு பள்ளமில்லாதது. நாட்டுக்கே ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் தந்த டிஐ சைக்கிள்ஸ் வளர்ந்த ஊரும் இதுதான். இங்கே ஏற்கெனவே சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்கள் போகும் சாலைகளில்தான் கண்டெய்னர் லாரிகளும் போகின்றன.

தொழிற்பேட்டையின் பெரிய சாலைகளில் கல் விளிம்பு வைத்த தனிப்பாதை, முகப்பேரின் உள்தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகத்தை உண்மையாக்கும் கட்டுமானம், இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் சைக்கிளுக்குத் தனி சிக்னல் நேரம் என மூன்றும் ஒரே டெண்டரில், ஒரே கெடுவில் வர வேண்டும். ரயில் நிலையத்தில் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். பைக்குக்கு வாங்கும் கட்டணத்தை சைக்கிளுக்கும் வாங்கக் கூடாது. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு அங்கே விளக்கும் காவலும் வேண்டும். ஓரத்தில் காலங்காலமாகத் தள்ளுவண்டி வைத்திருக்கும் இட்லிக்கடைக்காரர்களுக்கும் பஞ்சர் கடைக்காரர்களுக்கும் வரைபடத்திலேயே இடம் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் சைக்கிள் பாதையில்தான் கடை போடுவார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாலையில் கை வைக்கும்போது சைக்கிளையும் கண்ணில் வைத்துச் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் நிறைய உண்டு: வடிகால் கம்பிகளைக் குறுக்காகத் திருப்புவது, மேன்ஹோல் மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துவது, பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதுத் தார் போடுவது. கடைசியாகச் சொன்னதற்கு 2021-லேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டிருக்கிறார்.

கார் நிறுத்தும் இடம் போகுமே என்று கடைக்காரர்களும் குடியிருப்போரும் முதலில் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தை மாமன்ற உறுப்பினர்கள் நேரில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். பொதுச் சாலையில் பகல் முழுக்க ஒரு காரை இலவசமாக நிறுத்திவைப்பதற்கு, அந்த வழியாகப் போகும் ஆயிரம் தொழிலாளர்களின் பாதுகாப்பைவிட முன்னுரிமை தர முடியாது என்று மேடையில் சொல்லும் துணிவு ஒரு கவுன்சிலருக்காவது வர வேண்டும். 2014 கொள்கை சொன்ன 60 சதவீதத்திலிருந்து அம்பத்தூர் மண்டலத்துக்கு அடுத்த மாநகராட்சி பட்ஜெட்டில் தனித் தலைப்பு ஒதுக்கலாம். மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, போக்குவரத்துக் காவல்துறை ஆகிய நான்கிடமும் கோப்பு அலையாமல், பொறுப்பை ஒரே பொறியாளரிடம் கொடுக்கலாம். அவருக்கு வேண்டிய வரைபடமும் அளவுகளும் அந்தக் கொள்கையிலேயே பாதி இருக்கின்றன. வேலையை முடிக்க செவிலுக்குப் பிடித்த அதே பதினெட்டு மாதத்தைக் கெடுவாக வைக்கலாம்.